வனச்சாலைப் பெட்டிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வனச்சாலையில் ஜியோகேச்சிங் பெட்டிகளை, அதாவது ஜிபிஎஸ் எண்களை வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க ஒளித்து வைக்கும் பெட்டிகளை, வைத்துப் பராமரிக்கிறோம். இந்த ஆண்டு நாம் புதிதாக ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. இருந்த 25 பெட்டிகளில் 14-ஐ எடுத்துவிட்டோம். கணக்கை மட்டும் பார்த்தால் சங்கம் தேய்ந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் நான் செயலாளராக இருக்கும் காலத்தில் இதைவிட நல்ல வேலை நடந்ததில்லை. அதை விளக்கத்தான் இந்த அறிக்கையில் பாதி இடம் போகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவி, ஒரே இரவில் சில மீட்டருக்குள் காட்ட ஆரம்பித்தது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே ஒரு நோட்டும் சில பொருள்களும் இருந்தன. ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் எழுது: அவ்வளவுதான் விதி. ஜியோகேச்சிங் அங்கே பிறந்தது. அந்த வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது. இன்று நிலத்துக்குரியவரின் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது. விளையாட்டு வளர வளர, காட்டுக்காக விதிகளும் வளர்ந்தன.

அதில் ஒரு விதியைத்தான் நாம் தப்பாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு. பெட்டிகள் நெருங்கிக் குவியக் கூடாது என்பதற்காக வந்த தூரம் அது. நாமோ அதையே அளவுகோலாக வைத்து, நான்கு கிலோமீட்டர் வனச்சாலையில் எத்தனை அடங்குமோ அத்தனையையும் அடுக்கினோம். வருகிறவர்கள் வண்டியை நிறுத்துவார்கள், இறங்குவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், அடுத்ததற்குக் கிளம்புவார்கள். காட்டைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஓடும்படி பாதையை அமைத்தது நாம்தான்.

மழை முடிந்து முதல் ஆய்வுக்குப் போனபோது 9-ஆம் பெட்டி இருக்கும் சரிவைப் பார்த்தோம். சாலையிலிருந்து மரம் வரைக்கும் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். அந்தப் பன்னிரண்டு அடியிலும் பாசி இல்லை, செடி இல்லை, வெறும் மண். மிதிபட்ட தடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் பறித்திருந்தது. மரத்தைச் சுற்றி இருந்த கற்கள் எல்லாம் புரண்டு கிடந்தன. ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஏதோ ஒரு உயிர் குடியிருந்திருக்கும்.

அப்புறம் எண்களைச் சோதித்தோம். நாம் கொடுத்திருந்த இடத்துக்கும் பெட்டிக்கும் 14 மீட்டர் வித்தியாசம்! இடத்தின் எண்ணைப் பாகையிலும் கலையிலும் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) எழுதுகிறோம், கலையில் மூன்றாவது தசமம் வரை. அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1.85 மீட்டர்தான் நகரும். ஆனால் அடர்ந்த மரங்களுக்குக் கீழே சிக்னல் இலையிலும் சரிவிலும் பட்டுச் சிதறி வருகிறது. ஒரே ஒரு முறை அளந்துவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும். தேடியவர்கள் பாவம், நாம் கொடுத்த எண்ணை நம்பித்தான் அந்தச் சரிவைச் சுற்றிச் சுற்றி மிதித்திருக்கிறார்கள்.

17-ஆம் பெட்டியை நான் மறக்க மாட்டேன். சிறுபாலத்தின் கல்லிடுக்கில் இருந்தது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, உள்ளே விரலளவு தண்ணீர். பேனாவால் எழுதிய பெயர்கள் எல்லாம் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. பென்சிலில் எழுதிய ஒரு வரி மட்டும் அப்படியே நின்றது: "அம்மாவோடு வந்தேன். இது என் முதல் பெட்டி." குழந்தைக் கையெழுத்து. அந்தத் தாளைச் செய்தித்தாள் நடுவே வைத்து உலர்த்தி, சங்கக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். யாரோ ஒரு பிள்ளை நம்மை நம்பி எழுதிவிட்டுப் போயிருக்கிறது. நாம் ஒரு ரப்பர் வளையத்தை நேரத்துக்கு மாற்றவில்லை.

சிறப்புக் கூட்டத்தில் பெட்டிகளைக் குறைக்கும் முடிவு எளிதாக வரவில்லை. தன் கையால் ஆறு பெட்டிகள் வைத்த மூத்த உறுப்பினர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் முடிவான பிறகு, அந்த ஆறில் நான்கை அவரே நடந்து போய் எடுத்து வந்தார், துணைக்குக்கூட யாரையும் அழைக்காமல். அவருக்கு இந்தச் சபையில் என் வணக்கம்.

இப்போது இருப்பவை 11. நின்று பார்க்க ஏதாவது இருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டோம்: ஓடை சாலையைத் தொடும் வளைவு, காளான் பூக்கும் விழுந்த மரம், எழுத்து தேய்ந்த மைல்கல் போல. எல்லாவற்றின் எண்களையும் இரண்டு வெவ்வேறு நாள்களில் அளந்து சராசரி எடுத்திருக்கிறோம். பிலிம் டப்பாக்களை ஒழித்துவிட்டு, நான்கு பக்கமும் பூட்டும் டப்பாக்கள் வைத்தாயிற்று. உள்ளே பென்சில் மட்டும்தான், பேனா கிடையாது. மிட்டாய், சோப்பு, வாசனைப் பொருள் எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள். மூடியைத் தாண்டி மோப்பம் பிடித்து விலங்குகள் கடித்துத் திறந்துவிடும். மரத்தில் ஆணி அடிப்பதும் இல்லை.

வனத்துறை அனுமதி புதுப்பிக்கப்பட்டுவிட்டது. காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் சாலையை மூடினார்கள், நாமும் பட்டியலில் பெட்டிகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தோம். துப்புரவு நடை இரண்டு முறை நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

ஒரு வேண்டுகோள். தேடியும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று பதிவு போடுங்கள். அதில் கூச்சமே வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு பேர் அப்படி எழுதினால்தான், பெட்டி காணாமல் போயிருக்குமோ என்று நாங்கள் கிளம்பிப் போய்ப் பார்ப்போம்.

9-ஆம் பெட்டி இருந்த சரிவில் கிளைகளைக் குறுக்கே போட்டுத் தடத்தை மூடியிருக்கிறோம். போன வாரம் போனபோது வாய்க்கால் ஓரத்தில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஓடை வளைவுப் பெட்டியைக் கவனித்துக்கொள்ள இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை நடக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையைச் சபை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்