குடியிருப்போர் நலச் சங்க ஆண்டறிக்கை: சிங்க்கிலும் கழிவறையிலும் போடக் கூடாதவை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் நம் நகர் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் நல்லபடியாக நடந்தன. பூங்கா பக்கம் தெருவிளக்குகள் எரிகின்றன. இந்த ஆண்டு நம்மைப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி வாசிப்பார். அதில் அடைப்பு எடுத்த செலவு எல்லார் கண்ணிலும் படும். வாசிப்பறைக்குப் புத்தகம் வாங்க ஒதுக்கிய பணமும் அதிலேதான் போயிற்று. ஆகவே மீதி அறிக்கை முழுக்க அதைப் பற்றித்தான்.

தீபாவளி முடிந்த வாரம் இரண்டாவது குறுக்குத் தெருவில் மேன்ஹோல் பொங்கி, கோலம் போடும் வாசல் வரை கழிவுநீர் நின்றது. இயந்திர வண்டி வந்து, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுத்தார்கள். வெளியே வந்ததை உறுப்பினர்கள் பலரும் நின்று பார்த்தோம். சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாகக் கொழுப்பு. அதில் ஒட்டிக்கொண்டு தலைமுடி, காது குடையும் பஞ்சுக் குச்சி, நாப்கின், குழந்தைகளுக்குத் துடைக்கும் ஈரத்தாள். அந்தத் தாளில் ஒன்றைக் கம்பியால் தூக்கிக் காட்டிய பணியாளர், “பாருங்க அண்ணாச்சி, இத்தனை நாள் தண்ணிக்குள்ள கிடந்திருக்கு, ஒரு நூல்கூடப் பிரியல” என்றார். அவர் சொன்னது உண்மை. அது காகிதமே கிடையாது. பெரும்பாலான ஈரத்தாள்களில் பாலியஸ்டர் போன்ற பிளாஸ்டிக் இழை இருக்கிறது. பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கழிவறையில் போடாதீர்கள்.

‘நம்ம ஊர் வெயிலுக்கு எண்ணெய் எப்படி உறையும்?’ என்று அன்றே ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். வெறுமனே குளிரில் உறைவதாக இருந்தால் திருநெல்வேலிக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் கழிவுநீரில் கிடந்து சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை தண்ணீரிலும் சிமென்ட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி இறுகிவிடுகின்றன. அதற்கு வெயில் தடையில்லை. 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படித்தான் 250 மீட்டர் நீளத்துக்கு, ஏறக்குறைய 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை சேர்ந்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்பதும் சரியில்லை. நம் வீட்டுக் குழாயைத் தாண்டி அடுத்த வீட்டு வாசலில் போய்ப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெயை ஆறவைத்துப் பழைய பாட்டிலில் ஊற்றி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். சட்டியைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் ஒரு துடை துடைத்துவிடுங்கள். மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்கிற வீடுகளில் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை மட்டும் எவ்வளவு சேரும் என்று நமக்குத் தெரியும். அதுவும், புளிச் சக்கை, தேயிலைத் தூள், சோற்றுப் பருக்கை எதுவும் சிங்க்கில் இறங்க வேண்டாம். சிங்க் வாயில் ஒரு சின்ன வலைச் சல்லடை போட்டாலே போதும், செடித் தொட்டிக்கு நல்ல உரமும் கிடைக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் சீயக்காய்த் தூளும் முடியும் எண்ணெயும் சேர்ந்து பாத்ரூம் ஜாலிக்குக் கீழே கெட்டியாக நின்றுவிடுகிறது. குளித்து முடித்ததும் முடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

நாப்கின் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாப்கினுக்கும் டயப்பருக்கும் உள்ளே இருக்கும் தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஜெல்லியாக ஊதிவிடும். குழாய்க்குள் ஊதினால் என்ன ஆகும்? நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. சுற்றித் தந்தால் வண்டியில் வரும் அக்காவும் வெறுங்கையால் தொட வேண்டியிராது.

காலாவதியான மாத்திரை, டானிக், பெயின்ட், தின்னர் ஆகியவற்றுக்கும் கழிவறை இடமல்ல. ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையம் போன்றவை மலக்கழிவைச் சுத்தம் செய்வதற்காக அமைத்தவை, மருந்துகளை முழுவதும் பிரிக்க அவற்றால் ஆகாது. தாமிரபரணித் தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம், தூத்துக்குடிக்காரர்களும் குடிக்கிறார்கள்.

அடைப்பு என்றதும் ஆசிட் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்காத கடைசித் தெருக்களில் செப்டிக் டேங்க்தான். அங்கே ஆசிட்டும் பினாயிலும் அளவுக்கு மீறிப் போனால் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா செத்துப்போய், டேங்க் சீக்கிரமே நிரம்பும்.

டேங்க்கைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடும், இறங்கியவருக்கு ஆபத்து தெரியாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்தப் பணத்தாலும் அந்த வீட்டுக்கு ஆளைத் திருப்பித் தர முடியாது. உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மழைநீரைத் தாங்குகிற அளவில் அந்தக் குழாய் போடப்படவில்லை. மணலும் பிளாஸ்டிக்கும் உள்ளே போய், தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாக எல்லாம் மேலே வரும். திறந்த குழி தண்ணீருக்கு அடியில் தெரியாது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் மேல்தான் நடந்து வருவார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறது. தீபாவளிக்கு முன்பே தெருவுக்கு ஒரு எண்ணெய் கேன் வைப்பது. வாடகைக்குப் புதிதாக வருபவர்களிடம் வீட்டுக்காரர்களே இந்த விஷயங்களைச் சொல்லிவிடுவது. அடைப்பு எடுக்க வரும் பணியாளர்களுக்குக் குடிதண்ணீரும் கைகழுவ சோப்பும் அந்தந்தத் தெருவே ஏற்பாடு செய்வது.

இவற்றையும் சேர்த்து இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்