வெட்டிச் சேர்த்த கப்பல்

கிங்ஸ்டன், கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. கோபப்படாதே. வேலை நன்றாகவே போகிறது. குளிர்காலம் வந்ததால் ஷிப்ட் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் சொன்னேனே, மைனஸ் பதினைந்திலும் அரைக்கால் சட்டையோடு குப்பை போட வருபவர். செப்டம்பரில் அவரிடம் டிக்கெட் ஒன்று கூடுதலாக இருந்ததாம், என்னைக் கப்பல் பார்க்கக் கூட்டிப்போனார். கீவாட்டின் என்று பெயர். டைட்டானிக் மூழ்குவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1907-இல், ஸ்காட்லாந்தில் கட்டியது. ரயிலில் வருகிறவர்களை போர்ட் மெக்நிகோலில் ஏற்றிக்கொண்டு சுப்பீரியர் ஏரியைக் கடந்து ஃபோர்ட் வில்லியம் வரை போகுமாம். ஏரி என்றதும் நம் ஊர்க் குளத்தை நினைக்காதே, நடுவில் போனால் கரையே தெரியாது. சிறுவயதில் தாத்தா இதில் போயிருக்கிறார். சாப்பாட்டு அறையைக் காட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசை, வெள்ளிக் கரண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் பளபளக்கும் மரவேலை. அந்த மரமே அதற்கு எமனாகியிருக்கிறது. 1949-இல் டொராண்டோ துறைமுகத்தில் நோரோனிக் என்ற ஏரிக்கப்பல் எரிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறம் தீ விதிகள் இறுகி, கீவாட்டினும் 1965-இல் ஓய்ந்தது. மிச்சிகனில் 45 வருஷம் காட்சிப்பொருளாகக் கிடந்து, மறுபடி கனடா வந்து, 2023-இல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவிடம் இதை மட்டும் கட்டாயம் சொல். கப்பல் 102 மீட்டர். கடலிலிருந்து மேல் ஏரிகளுக்குப் போகும் வழியில் வெல்லண்ட் கால்வாய் இருக்கிறது. கப்பலைத் தண்ணீரோடு மேலே ஏற்றும் தொட்டி மாதிரியான அதன் அந்தக் காலத்து லாக்கில் இது நுழையாது. அதனால் கியூபெக் பக்கம் லெவியில் இரண்டாக வெட்டி, பாதி பாதியாக இழுத்துப்போய், பஃபலோவில் சேர்த்திருக்கிறார்கள்!

என்ஜின் அறைக்குள் இறங்கியதும் கிரீஸ் வாடை. அப்பா ஹார்பரிலிருந்து வந்து கொடியில் போடும் காக்கிச் சட்டையின் வாடை. தாத்தா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அன்று ராத்திரி ரசம் வைத்து அவருக்கும் கொடுத்தேன். சூப் என்று நினைத்து மடக்கென்று குடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். மிளகு அதிகம் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெட்டிச் சேர்த்த கப்பல் ஒழுகாதா என்று அப்பா கேட்பார். 57 வருஷம் ஓடியிருக்கிறது என்று சொல். நம் மொட்டைமாடிதான் ஒழுகுகிறது. கொத்தனார் கேட்கும் முன்பணத்தை இப்போதே கொடுக்காதே, பத்தாம் தேதிக்கு மேல் நான் அனுப்புகிறேன். அதுவரை பெரியப்பா வீட்டுத் தார்ப்பாயை வாங்கிப் போடச் சொல். அப்பாவின் கண் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதே. அத்தான் பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போனாரா? எழுது.

உன் தம்பி
செல்வம்