முதல் மெட்டல் ஆல்பம் பதிவு செய்ய வரும் குழுக்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முழு ஆல்பத்துக்கு நாள் குறிக்கும் முன், எல்லாப் பாடல்களுக்கும் ஒத்திகைப் பதிவு ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். "காசு கட்டுறோம், அப்புறம் எதுக்கு அண்ணே பரீட்சை?" என்று சில தம்பிமார் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதற்கான பதில்தான் இந்த மடல். உருமி மேளக் குழுக்களும் கோயில் பாடல் பதிவு செய்வோரும் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். அவர்களுக்குப் பழைய முறையேதான்.

"பிளாக் சப்பாத் முதல் ஆல்பத்தையே ஒரு நாளில் முடித்தார்களே" என்பது எங்களிடம் அடிக்கடி வரும் வாதம். உண்மைதான். இங்கிலாந்தின் அந்த மெட்டல் குழுவினர் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13-இல் ஆல்பம் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன் அந்தப் பாடல்களை இரவுக்கு இரவு கிளப் மேடைகளில் வாசித்துக் கை பழகியிருந்தார்கள். கூடத்தில் அவர்கள் பாட்டு அமைக்கவில்லை, பழகிய பாட்டை வாசித்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவும் அப்படியே. 1983 ஜூலையில் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் 1982-லேயே டெமோ கேசட்டாகக் கைமாறிக்கொண்டிருந்தவை. இங்கே வருகிற குழுக்களில் பல, மூன்றாவது பாட்டின் இடைப்பகுதியை எங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்கின்றன. அதற்கு நாங்கள் காசு வாங்குவது எங்களுக்கே உவப்பாக இல்லை.

ஒத்திகைப் பதிவு கைப்பேசியில் எடுத்ததாக இருந்தாலும் போதும். ஆனால் கிளிக் (காதில் சீராக ஒலிக்கும் தாளத் தட்டு) போட்டு வாசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்துக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் வேகம் மாறுகிறது, எந்தச் சுருதி என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். கிளிக் ஏன் என்றால், நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் இரட்டைப் பெடலில் அடிக்கு நான்கு உதை விழுந்தால், ஓர் உதைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 75 மில்லி விநாடிதான். அதில் 15 மில்லி விநாடி தள்ளிப்போனாலே காது பிடித்துவிடும். கிட்டார் அதோடு ஒட்டாது. கணினியில் இழுத்து நேராக்கலாம். எட்டுப் பாட்டையும் அப்படி நேராக்கினால் டிரம்ஸ் வாசித்தவரின் கை அதில் மிச்சமிருக்காது. ஒரு பாட்டை 190-க்கு இறக்கினால் சுத்தமாக வாசிக்க முடியுமென்றால் இறக்கிவிடுங்கள். வேகம் குறைந்ததைக் கேட்பவர் கவனிக்கமாட்டார், தடுமாற்றத்தைக் கவனிப்பார்.

அதிகப் பணம் வீணாவது கிட்டாரில். கனமான ஒலி வேண்டும் என்று எல்லாரும் 'டிராப் சி' சுருதிக்கு (ஆறாவது தந்தி 'சி' சுரத்துக்கும் மற்றவை ஒரு முழுச்சுரம் கீழேயும்) இறக்குகிறார்கள், தந்தியை மாற்றுவதில்லை. 10 முதல் 46 வரை (தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) உள்ள சாதாரணத் தந்திக்கட்டில் ஆறாவது தந்தியை 'ஈ' சுரத்திலிருந்து 'சி' சுரத்துக்கு இறக்கினால், அதன் இழுவிசையில் 37 விழுக்காடு போய்விடும். மற்ற ஐந்தும் இரண்டு அரைச்சுரம் இறங்குவதால் அவற்றில் 21 விழுக்காடு குறையும். தொளதொளத்த தந்தியை ஓங்கி அடித்தால் முதல் கணத்தில் சுருதி மேலே ஏறி, பிறகு கீழே வந்து நிற்கும். டியூனரில் சரியாகக் காட்டும், பதிவில் அபசுரமாகக் கேட்கும். "அம்ப் சரியில்லை அண்ணே" என்று பழி அம்ப் மேல் விழும்! டிராப் சி சுருதிக்கு 11 முதல் 56 வரையிலான கட்டு போடுங்கள். ஈயில் இருந்த அதே இறுக்கம் வேண்டுமென்றால் ஆறாவது தந்தி 58 வரை போகலாம். தடித்த தந்தி கழுத்து முனையிலுள்ள நட்டின் பள்ளத்தில் உட்காராது, பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும். கழுத்தின் வளைவையும் பார்க்க வேண்டும். கடைசியாக, 12-ஆவது கட்டையில் (ஃபிரெட்) அழுத்திய சுரமும் திறந்த தந்தியின் சுரமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் மரம் நிலைக்குவரச் சில நாளாகும் என்பதால் பதிவுக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். புதுத் தந்தியை மட்டும் முதல் நாள் மாலை மாற்றி, நன்றாக இழுத்துவிட்டு வாருங்கள். ஆளுக்கு மூன்று கட்டாவது கையிருப்பு வேண்டும். வியர்வைக் கைக்கு இரண்டாவது நாளே தந்தி மந்தமாகிவிடும்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். கனத்துக்கெல்லாம் மூலமாகச் சொல்லப்படும் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் சாதாரண ஈ சுருதியில்தான் இருக்கிறது. அதன் கிட்டார்காரர் டோனி அயோமி சுருதியை நன்றாக இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த அவர் வாசித்ததும் மெல்லிய தந்திகளில். ஆகவே சுருதி எவ்வளவு கீழே என்பதைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்) நிற்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்டார்ஷனை (கிட்டார் ஒலியின் கரகரப்பை) நீங்கள் வழக்கமாக வைப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்போம். சண்டை வேண்டாம். ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் வைப்பதால்தான் அகலம் வருகிறது. இரண்டு மடங்கு டிஸ்டார்ஷன் சேரும்போது வெட்டு மழுங்கும். ஒரே டேக்கை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் நடுவில் சத்தம் கூடுமே தவிர அகலம் கிடைக்காது. அதனால் உங்களுக்கு அலுத்தாலும் இரண்டாவது முறை வாசித்தே ஆக வேண்டும். அம்ப் ஒலியோடு கிட்டாரின் நேரடி ஒலியையும் டி.ஐ. பெட்டி வழியாகத் தனியே எடுத்து வைப்போம். பிறகு அம்ப் ஒலி பிடிக்கவில்லையென்றால் மறுபடி வாசிக்காமல் அதையே வேறு அம்ப் வழியாக அனுப்பிப் பதியலாம்.

டிரம்ஸுக்கு 12 மைக் வைக்கிறோம்: கிக்குக்கு உள்ளே வெளியே இரண்டு, ஸ்னேருக்கு மேலே கீழே இரண்டு, டாம்களுக்கு மூன்று, ஹை-ஹாட்டுக்கு ஒன்று, தலைக்குமேல் இரண்டு, அறைக்கு இரண்டு. தலைக்குமேல் உள்ள இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க நூல் பிடித்து அளப்போம். ஒன்று 34 சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் ஒலி ஒரு மில்லி விநாடி பிந்தி வந்து ஸ்னேர் மெலிந்துவிடும். உங்கள் பக்கத்தில் வேண்டியது ஸ்னேருக்கும் டாமுக்கும் புதுத் தோல், கிரீச்சிடாத பெடல், உதிரிக் குச்சிகள். எல்லாவற்றையும்விட முக்கியம், சிம்பலை மெதுவாகவும் டாமை ஓங்கியும் அடிக்கப் பழகுவது. மேடையில் இதற்கு நேர்மாறாகத்தான் கை போகும். சிம்பல் டாம் மைக்குகளில் எல்லாம் ஏறிவிட்டால், டாமை உயர்த்தும்போது சிம்பலும் கூடவே எழும். அதைப் பிரிக்க வழி கிடையாது. பதிவு முடிந்ததும் ஒவ்வொரு டிரம்மையும் தனியாகப் பத்து அடி அடிக்கச் சொல்வோம். மிக்ஸிங்கில் ஏதாவது அடி பலவீனமாக இருந்தால் உங்கள் டிரம்மின் ஒலியையே அங்கே சேர்க்கலாம். வெளியூர்க்காரன் கிக் ஒலியை இரவல் வாங்க வேண்டியதில்லை.

பேஸ் பற்றி அதிகமில்லை: புதுத் தந்தி, பிக் வைத்து வாசிப்பு, கிட்டாரின் அதே சுருதி. டிராப் சியில் கீழ்ச்சுரம் 32.7 ஹெர்ட்ஸ். பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களில் அது வெளியே வராது, மேலுள்ள சுரச்சாயல்கள்தான் கேட்கும். அதனால் பேஸுக்கும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் போடுவோம்.

குரலுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் நாங்கள் பதிவதில்லை. உறுமல் பாணியில் பாடுகிறவர்கள் அதற்குமேல் போனால் மறுநாள் வெறும் காற்றுதான் வரும். அன்றைக்கு ஐஸ் மைலோ வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தமிழில் பாடுவோருக்கு ஒன்று: உறுமலில் நெடில் குறுகிப்போய்ப் பொருள் மாறிவிடுகிறது. வரிகளை எங்களிடம் முன்கூட்டியே தந்தால், எந்த இடத்தில் நெடிலை நீட்டிப் பிடிக்க வேண்டும் என்று குறித்து வைப்போம்.

எங்கள் கட்டடத்துக்குத் தகரக்கூரை. மழை பெய்தால் கிட்டார் அம்புக்குப் பரவாயில்லை, குரலும் டிரம்ஸும் எடுக்க முடியாது. ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் இடியோடு கொட்டும். ஆகவே அந்த மாதங்களில் டிரம்ஸ் காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை மட்டும். இடி நெருங்கினால் எல்லாக் கருவிகளையும் மின்சாரத்திலிருந்து கழற்றிவிடுவோம், அந்த நேரத்துக்குக் கட்டணம் இல்லை. செம்பனை லாரிகள் ஓய்ந்தபிறகு, இரவு எட்டுக்குமேல் குரல் பதிவுக்கு நல்ல நேரம்.

மிக்ஸிங் முடிந்ததும் "இன்னும் சத்தமாக" என்று கேட்காத குழு இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பொதுவாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடல்களைச் சமன்செய்கின்றன. நீங்கள் மைனஸ் 8-இல் கொடுத்தால் அது 6 டெசிபல் இறக்கப்படும். சத்தத்துக்காக நசுக்கிய ஸ்னேர் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். மெட்டலுக்குக் கொஞ்சம் இறுக்கம் வேண்டியதுதான், ஆனால் அந்த அளவை மாஸ்டரிங்கில் நாங்கள் தீர்மானிக்கவிடுங்கள். சரிபார்க்க அனுப்பும் மிக்ஸை வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு "ஹை-ஹாட் கரகரக்கிறது" என்று சொல்லாதீர்கள். அங்கே ஒலி சுருக்கப்பட்டிருக்கலாம். நாங்கள் இணைப்பில் தரும் 24 பிட் வேவ் கோப்பைக் காரிலும் கேளுங்கள், காதொலிப்பானிலும் கேளுங்கள்.

இசைத்தட்டு அடிக்கும் எண்ணமிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம்தான் நல்ல ஒலியோடு நிற்கும். தட்டின் உட்பக்கம் போகப்போக ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைந்து சிம்பல் சிதறும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் மெதுவான பாட்டை வைப்பது நல்லது. குறுந்தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எட்டுப் பாட்டுக்கு நாங்கள் போடும் கணக்கு: டிரம்ஸ் இரண்டு நாள், பேஸ் ஒரு நாள், கிட்டார் நான்கு நாள், குரல் மூன்று மாலை. மிக்ஸிங்குக்கு உங்கள் வருகை தேவையில்லை, கடைசி நாள் வந்தால் போதும். ஷிப்ட் வேலைக்காரர்கள் வார இறுதிகளில் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் டிரம்ஸின் இரண்டு நாளும் அடுத்தடுத்து வர வேண்டும். மைக்கைக் கழற்றி மாட்டினால் ஒலி மாறிவிடும்.

ஒவ்வொரு பாட்டையும் யார் எழுதினார், யார் இசையமைத்தார் என்று எல்லா உறுப்பினரும் கையெழுத்திட்ட ஒரு தாளையும் முதல் நாளில் கொண்டுவாருங்கள். ஆள் பிரிந்தபிறகு இதைக் கேட்டால் கிடைக்காது. பிறர் பாடலையோ படவசனத்தையோ சேர்ப்பதானால் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

ஒத்திகைப் பதிவைக் கடையில் நேரிலும் தரலாம். ஒரு வாரத்துக்குள் கேட்டுவிட்டு, எந்தப் பாட்டு தயார், எது இன்னும் பழக வேண்டும் என்று எழுதித் தருவோம். அதற்குக் கட்டணம் இல்லை. தீபாவளி வாரம் மட்டும் கடை அடைப்பு.

இப்படிக்கு,
பதிவுக்கூடத்தார்,
சுங்கை சிப்புட், பேராக்