நீ வைத்துவிட்டுப் போன ஃபூரியே

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. பொங்கலுக்கு வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன புத்தகத்தை, மண்டியில் வியாபாரம் ஓய்ந்த வேளைகளில் படித்து முடித்தேன். 1772-இல் பிரான்சின் பெசன்சோன் நகரில் துணி வியாபாரி ஒருவருக்குப் பிறந்த சிந்தனையாளர் சார்லஸ் ஃபூரியே, சிறுவனாக இருக்கையில் கடைக்கு வந்தவர்களிடம் சரக்கைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டில் தண்டனை வாங்கினார் என்று படித்ததும், நீ அவரைப் பிடித்துக்கொண்ட காரணம் புரிந்தது. உன் அம்மா சிரித்தாள். ஈர நெல் விவகாரத்தை அவள் மறக்கவில்லை. இருபது வயதுக்குள் வியாபாரத்தில் இறங்கினால்தான் சொத்து என்று அவருடைய தந்தை உயில் எழுதினாராம். அப்படி எழுதுகிற அப்பா நான் இல்லை.

அந்தச் சொத்தும் 1793-இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து லியோன் நகர முற்றுகையில் போயிற்று. 1799-இல் மார்செய் துறைமுகத்தில், தட்டுப்பாட்டுக் காலத்தில் விலை ஏறட்டும் என்று பதுக்கிவைத்து அழுகிப்போன அரிசியைக் கடலில் கொட்டும் வேலையை அவரே மேற்பார்க்க நேர்ந்தது. அரிசி விற்றுப் பிழைப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை என்னால் எளிதில் புரட்ட முடியவில்லை. ஏறத்தாழ 1,620 பேர் ஒரே மாளிகையில் கூடி வாழ்ந்து, நாளுக்குப் பலமுறை வேலையை மாற்றிக்கொண்டு, விரும்பியதைச் செய்யும் அவருடைய ஃபலான்ஸ்தேர் திட்டத்தை, அதனால்தான் நான் கேலி செய்யவில்லை. கடல்நீர் ஒருநாள் எலுமிச்சைப் பானம் போல் சுவைக்கும் என்று அவர் சொன்னதை விட்டுவிடுவோம். வருமானத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, உழைப்புக்கு ஐந்து, முதலுக்கு நான்கு, திறமைக்கு மூன்று என்று பிரித்தாரே, அது கணக்கு தெரிந்தவர் செய்த பிரிவினை. முதல் போட்டவனை அவர் மறக்கவில்லை என்று உன் நண்பர்களிடமும் சொல்.

அந்த முதலுக்காக அவர் காத்திருந்த விதம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பணம் தர விரும்பும் புரவலர் வந்து பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டு, தினமும் நண்பகலில் வீட்டில் காத்திருந்தார். 1837-இல் இறக்கும் வரை, அவர் எதிர்பார்த்த அந்தப் பெரும் புரவலர் வரவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? வெறுத்த வியாபாரத்திலேயே குமாஸ்தாவாகவும் ஊர் ஊராகச் சரக்கு விற்பவராகவும் உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் 1808-இல் தம் முதல் நூலை வெளியிட்டார்.

நீயும் நண்பர்களும் பார்க்கும் நிலத்துக்கு முன்பணம் தருவதாகச் சொன்னவர் வந்தாரா என்று நான் கேட்கவில்லை. சம்பளப் பேச்சே உன் வாயில் வருவதில்லையே என்றும் கேட்கவில்லை. ஃபூரியே குமாஸ்தா வேலை பார்த்தார் என்பதைத்தான் சொல்கிறேன். இவ்வளவு பெரிய விஷயத்தை யோசிக்கும் பிள்ளை என்று மாமாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்; வேலை பார்த்துக்கொண்டே யோசி.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசு. வேலையில் இருக்கிறாயா என்று அவள் கேட்பாள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடு.

அப்பா