முரளி அண்ணே, அந்த எட்டு விக்கெட் பத்தி ஒரு கடிதம்

அன்புள்ள முத்தையா முரளிதரன் அண்ணனுக்கு,

ஏப்ரல் 17 உங்க பொறந்தநாளுக்கு எல்லாரும் வாழ்த்து போடுவாங்க, நானும் போடுவேன், ஆனா எனக்கு உங்க நாள்னா அது ஜூலை 22தான். 2010, இலங்கையில காலிங்கிற ஊர் மைதானம், இலங்கை ஸ்பின்னரா நீங்க இந்தியாவுக்கு எதிரா ஆடுன கடைசி டெஸ்ட்.

அந்த மேட்ச்சுக்கு நீங்க வரும்போது டெஸ்ட்ல 792 விக்கெட். சீரிஸ்ல மூணு டெஸ்ட் இருக்கு, மூணும் ஆடியிருந்தா 800 சாவகாசமா வந்திருக்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இதோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டீங்க. எட்டு விக்கெட் பாக்கி வச்சுட்டு, அதுவும் சேவாக், டிராவிட், சச்சின், லக்ஷ்மண் இருக்குற டீமுக்கு எதிரா. அதுக்கு மேல ரெண்டாவது நாள் பூரா மழை வேற, ஒரு பந்துகூட போடல. எனக்கு அன்னைக்கு வயிறு கலங்கிடுச்சு அண்ணே.

முதல் இன்னிங்ஸ்ல அஞ்சு எடுத்தீங்க. ரெண்டாவதுல யுவராஜ், ஹர்பஜன், 799. அப்புறம் லக்ஷ்மண் ரன் அவுட், ஒம்பது விக்கெட் போச்சு, மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பக்கம் இஷாந்தும் ஓஜாவும் நகரவே மாட்டேங்கிறாங்க. அந்த ஒண்ண மலிங்கா எடுத்துட்டா? இன்னொரு ரன் அவுட் ஆயிட்டா? 799ல நின்னிருக்கும், அவ்ளோதான். நான் இந்தியா ரசிகன், நம்ம டீம் தோத்துட்டு இருக்கு, ஆனா டிவி முன்னாடி உக்காந்துட்டு ஓஜா உங்க பந்துலதான் அவுட் ஆகணும்னு சாமிய வேண்டிக்கிட்டேன், அத யார்கிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல.

ஏன் அவ்ளோ வேண்டினேன்னா எனக்கு 1995 ஞாபகம் இருக்கு. டிசம்பர் 26, மெல்போர்ன், பாக்சிங் டே டெஸ்ட், உங்களுக்கு 23 வயசு, அம்பயர் டேரல் ஹேர் மூணு ஓவர்ல ஏழு தடவ நோ-பால் குடுத்தாரு. பந்த போடாம முழங்கைய மடக்கி நிமித்தி எறியுறான்னு. அவ்ளோ பெரிய மைதானத்துல அத்தன பேர் முன்னாடி. பொறந்ததுலருந்தே உங்க முழங்கை நேரா நிமிராது, ஆனா பத்து நாள்ல பிரிஸ்பேன்ல ஒருநாள் மேட்ச்லயும் எமர்சன்னு இன்னொரு அம்பயர் நோ-பால் குடுத்தாரு, அப்புறம் டாக்டருங்க டெஸ்ட் பண்ணி சொன்னாங்க, அதுக்கப்புறமும் திரும்ப 1999ல அடிலெய்டுலயும் அதே எமர்சன், ரணதுங்க டீமையே பவுண்டரி வரைக்கும் கூட்டிட்டுப் போயி நின்னாரு. அப்படி ஒரு கேப்டன் கெடைக்கிறதுக்கு குடுத்து வச்சிருக்கணும். 2004ல முழங்கை அசையாம இருக்க கையில பட்டை மாட்டிக்கிட்டு கேமரா முன்னாடி தூஸ்ரா, அதான் எதிர்ப்பக்கம் திரும்புற அந்தப் பந்த, போட்டுக் காட்டுனீங்களே, உலகத்துல வேற எந்த பௌலரும் இவ்ளோ நிரூபிக்க வேண்டி வந்திருக்காது. அத இப்ப நெனச்சாலும் எனக்கு கோவமா வருது.

இந்த மேட்டர்ல சில பேர் இன்னும் வாதம் பண்றாங்க, பண்ணட்டும். கண்டியில பிஸ்கட் ஃபேக்டரி வச்சிருந்த வீட்டுலருந்து, மலையகத் தமிழ்க் குடும்பத்துலருந்து வந்து 133 டெஸ்ட்ல 800, அதுல 67 தடவ இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட். ஆஸ்திரேலியா ஸ்பின்னர் வார்ன் 708ல நிறுத்தினாரு, இப்ப அவரே நம்மகூட இல்ல, 2022 மார்ச் 4ல போயிட்டாரு, ஆஸ்திரேலியாவும் இலங்கையும் டெஸ்ட் ஆடினா கோப்பையில உங்க ரெண்டு பேர் பேரும்தான் இருக்கு. இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சன் 2024ல 704ல முடிச்சாரு. 41 வயசு வரைக்கும் ஓடி ஓடி பந்து போட்ட மனுஷனுக்கே நூறு விக்கெட் கிட்ட குறையுது.

ஓஜா பேட்ல பட்டு பந்து ஸ்லிப்புக்குப் போச்சு, மஹேலா பிடிச்சாரு. உங்க பந்துல டெஸ்ட்ல அவர் பிடிச்ச 77வது கேட்ச். டெஸ்ட்ல நீங்க போட்ட கடைசி பந்தும் அதுதான். நம்ம டீம் ஆல் அவுட், நான் ஹால்ல எந்திரிச்சு நின்னு கத்துறேன், அப்பா உள்ளருந்து ஓடி வந்து என்னடா ஜெயிச்சுட்டோமான்னு கேட்டாரு, ஆமாப்பான்னு சொன்னேன்.

அன்புடன்,
உங்க சென்னை ரசிகன்