தவளைக்கார அண்ணனுக்கு ஒரு பாக்கி

அன்புள்ள அண்ணா,

உங்கள் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நீங்கள் தவளைக்கார அண்ணன்தான். பாரூர் ஏரிப் பக்கம் என்று மட்டும் தெரியும். பேரப்பிள்ளைகள் யாராவது போனில் இதைப் பார்த்து உங்களுக்குப் படித்துக் காட்டினால் நல்லது.

1996. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, தர்மபுரியோடுதான் இருந்தது. பிளஸ் டூ சயின்ஸ் குரூப்பில் நாங்கள் 34 பேர். அறுத்துப் படிக்கத் தலைக்கு ஒரு தவளை. ஈரச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லேப் பின்வாசலுக்கு வருவீர்கள். ஒன்று 2 ரூபாய். 87-இல் தவளைக்கால் ஏற்றுமதியை அரசு நிறுத்தும்வரை கம்பெனி ஏஜென்ட்டுக்குப் பிடித்துக் கொடுத்ததாகவும், அப்புறம் பள்ளி, காலேஜ் மட்டும்தான் என்றும் ஒருநாள் சொன்னீர்கள்.

முதல் டிசெக்‌ஷனில் என் தட்டில் இருந்த தவளைக்கு மயக்கம் சரியாக ஏறவில்லை. நாலு காலிலும் குண்டூசி குத்தி, வயிற்றுத் தோலைக் கத்தரித்த பிறகு பின்னங்கால் இழுத்தது. குண்டூசியோடு தட்டில் ஊற்றியிருந்த மெழுகும் பெயர்ந்து வந்தது. பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் நாங்கள் ஐந்து பேர் ரெக்கார்ட் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, தவளை அறுப்பதை நிறுத்தச் சொல்லி மனு எழுதினோம். தோழியின் சித்தப்பா வக்கீல். 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவைக் காட்டினார். புத்தகம், மாதிரி, படம் இவற்றாலேயே பாடம் நடத்த முடியும் என்றால் மருத்துவப் பள்ளி, கல்லூரி போன்ற இடங்களில் விலங்குகள் மேல் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிற கருத்து அதில் இருக்கிறது. தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதுல ஹைஸ்கூல்னு எங்கம்மா இருக்கு?" நாங்கள் 'போன்ற' என்ற ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினோம். (1987-இல் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற பள்ளி மாணவி தவளையை அறுக்க மாட்டேன் என்று சொன்னதும், மறுவருடமே அங்கே மாணவர்கள் அப்படி மறுக்கலாம் என்று சட்டம் வந்ததும் அப்போது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்போம்.)

அறுக்காமல் தவளையைப் பற்றி என்ன கற்றுக்கொள்வீர்கள் என்று விலங்கியல் சார் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தது.

லேப் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பெரிய தவளையை இடுப்பில் பிடித்துக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல மழைக்கு மறுநாள். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள், தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பை. "ஆம்பளை பாப்பா. மழை வந்தா மாப்பிள்ளை ஆயிடுவான்." அதைத் தரையில் விட்டு வெட்டுக்கிளி ஒன்றைப் போட்டீர்கள். நாக்கு வெளியே வந்ததையே நான் பார்க்கவில்லை, வெட்டுக்கிளி காணாமல் போனதைத்தான் பார்த்தேன். "நாக்கு முன்னாடிதான் ஒட்டியிருக்கும். இப்ப கண்ணைப் பாரு." விழுங்கும்போது கண் இரண்டும் தலைக்குள் இறங்கின. அந்த விழிகளும் உள்ளிருந்து இரையைத் தொண்டைக்குத் தள்ள உதவுகின்றன. செத்த தவளையை எத்தனை தடவை அறுத்தாலும் இது தெரியாது. சாரும் எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தெர்மக்கோலில் தவளை செய்து, ஒயர் கூடை பின்னுகிற சிவப்பு ஒயரைத் தமனியாகவும் நீல ஒயரைச் சிரையாகவும் ஓட்டினோம். இதயத்தின் மூன்று அறைகளுக்குச் சைக்கிள் டியூப். பார்க்கச் சகிக்காது. ஆனால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தலைக்கு ஒன்று வேண்டாம், வகுப்புக்கு 3 போதும், விருப்பமில்லாதவர்கள் மாதிரியை வைத்துச் செய்யலாம் என்று சார் இறங்கி வந்தார். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி விலங்கியல் வகுப்பிலேயே அறுப்பதை நிறுத்தச் சொன்னபோது எனக்கு அந்த டியூப்தான் ஞாபகம் வந்தது.

இவ்வளவு பேசிய நாங்கள் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை வழக்கம்போல 34 தவளையோடு வந்தீர்கள். 3 எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் சண்டை போடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மைதானம் தாண்டி வாய்க்கால் வரைக்கும் போய்ச் சாக்கைக் கவிழ்த்தீர்கள். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஐந்து பேரும் கைதட்டினோம். உங்கள் ஒருநாள் கூலி வாய்க்காலில் போகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் நீங்கள் வரவே இல்லை.

31 தவளை, 62 ரூபாய். இத்தனை வருட வட்டியை நீங்களே போட்டுச் சொல்லுங்கள் அண்ணா. இந்த ஆவணியில் ஊருக்கு வருவேன், ஏரிக்கரையில் விசாரிக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் 'கேள்வி பாப்பா' என்று கூப்பிட்டவள்