காக்காச்சி அண்ணாச்சிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை ரோட்டில் எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணாச்சிக்கு இந்த நன்றி. பேர் கேட்க மறந்துட்டேன். தப்புதான்.

காக்காச்சியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்கு மஞ்சு விட்டு விட்டு இறங்கிக்கிட்டிருந்தது. நான் பைனாகுலரை வச்சுக்கிட்டு, சிங்கவால் குரங்கைத் தேடி மரத்து உச்சியையே துழாவிக்கிட்டிருந்தேன். “அண்ணாந்து தேடாதீய தம்பி, முதல்ல கீழ பாருங்க” என்றார். வழியில் முள்ளு முள்ளாக ஒரு காய்த்தோல், குட்டிப் பலா மாதிரி. வெடிப்பலாவாம், அந்தக் குரங்கு தின்கிற காய். “தோலு இன்னும் காயல. மேலதான் இருக்கு.”

இருந்தது! கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். முன்னாடி பார்த்த கருமந்திங்கிற வேற குரங்கைச் சிங்கவால் குரங்குன்னு நினைச்சு நான் இருபது போட்டோ எடுத்திருந்தேன். நீள வாலையும் குஞ்சம் இல்லாததையும் காட்டி, சிரிக்காமல் திருத்தினார். அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது.

இருவாச்சிப் பறவையோட சிறகுச் சத்தம் மட்டும் கேட்டுது.

அம்மா காலில் அட்டை ஏறி, ரத்தம் நிற்கவே இல்லை. பதறிட்டோம். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, கொஞ்ச நேரத்தில் நின்னுடும் என்று சொல்லி, தன் துண்டையே கிழித்துக் கட்டினார். மற்றவர்கள் காலில் உப்பும் புகையிலைத் தூளும் தேய்த்துவிட்டார். துண்டுக்குக் காசு கொடுத்தால் வாங்கவில்லை.

அண்ணாச்சி, உங்க புகையிலை டப்பா மூடி எங்க பையில வந்துட்டு. அடுத்த வாட்டி கொண்டாந்து தாரேன்.